எங்க ஊட்டுத் தப்புதானுங்க

கண்ணு, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் ஜெயில்காரர்கள் இரண்டு பேராவது படித்துப் பார்ப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். நன்றாகப் படிக்கட்டும். இதில் இருப்பதையெல்லாம் வழக்கு நடக்கும்போது கோர்ட்டில் அத்தனை பேர் முன்னாலும் நானே சொல்லத்தான் போகிறேன். போன வாரம் உன்னைப் பார்க்க வந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். விடியலில் மலை இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் பிடித்து, வெயிலில் காத்துக் கிடந்து, கடைசியில் கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. "சோறு எப்படிச் சாமி இருக்குது?" என்று கேட்டேன். "கல்லு கெடக்குதும்மா" என்றாய். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் சொல்லிவிட்டார். திரும்பி மலை ஏறும்போது வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அவ்வளவு தூரம் போனது சோற்றுக் கல்லைப் பற்றி விசாரிக்கவா?

நீ போனதிலிருந்து இங்கே நாள் கிழமை எதுவும் எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. ஐப்பசி மஞ்சுமூட்டம் காலையில் வாசலுக்கு வந்தால் மத்தியானம் வரைக்கும் நகர்வதில்லை. பலா மரம் பாதிதான் தெரிகிறது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள் எல்லாம் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிற ஆட்கள் மாதிரி நிற்கின்றன. அந்த வெள்ளைக்குள்ளிருந்து நீ விறகு பிளக்கிற சத்தம் வருகிறது. எழுந்து போய்ப் பார்த்தால் பக்கத்துக் காட்டில் வேறு யாரோ. சில சமயம் போய்ச் சேர்ந்த உன் அப்பாவும் வருகிறார். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார், எதுவும் கேட்பதில்லை, நானும் எதுவும் சொல்வதில்லை. கண்ணைத் திறந்துகொண்டேதான் இதையெல்லாம் பார்க்கிறேன், எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. உன் பெண்டாட்டிக்கு மாசம் ஏழு ஆகிவிட்டது. அவளும் இப்படித்தான். சாப்பிடும் நேரத்துக்கு உனக்கும் சேர்த்து ஒரு தட்டை எடுத்து வைக்கிறாள், பிறகு ஞாபகம் வந்து அதை உள்ளே கொண்டுபோய் வைக்கிறாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

நடந்ததை முதலில் நேராக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். சாமைக் கதிர் முற்றி நின்ற சமயம். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நீ என் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாய். அவரைக்காய்க் குழம்பில் காரம் போதவில்லை என்று குறை வேறு சொன்னாய். உன் தம்பி காட்டில் பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்தான், நம் வீட்டு நாட்டுத் துப்பாக்கியோடு. வேலியோரம் புதர் அசைந்தது. பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டான். அங்கே நின்றது தன் மாட்டைத் தேடி வந்த சடையன் மாமன். குண்டு தொடையில் பாய்ந்துவிட்டது. உன் தம்பி துப்பாக்கியும் கையுமாக வீட்டுக்குள் ஓடிவந்தான். நாம் மாமனைக் கட்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் போலீஸ் வந்து யார் சுட்டது என்று கேட்டபோது, நீ தலைத்துண்டை எடுத்துத் தரையில் விரித்து, "நான்தானுங்க. எங்க ஊட்டுத் தப்புதானுங்க" என்றாய். உன் தம்பி மாட்டுக் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாசலில் நின்றேன். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மாஜிஸ்ட்ரேட் கேட்கும்போதும் அதையே சொல்லப்போவதாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறாயாம். சொன்னால் வருஷக்கணக்கில் உள்ளே இருப்பாய். பிறக்கப்போகிற பிள்ளை ஓடியாடித் திரிகிற வயசில்தான் உன் முகத்தைப் பார்க்கும். அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும். நம் மலைநாட்டில் வழக்கம் அதுதானே. ஒரு வீட்டின் மேல் புகார் வந்தால் அந்த வீட்டுப் பெரியவன் எழுந்து, துண்டைத் தரையில் விரித்து, எங்க ஊட்டுத் தப்புதானுங்க என்று முதலில் சொல்லிவிட வேண்டும். செய்தானா இல்லையா என்பதெல்லாம் பிறகு. அதைச் சொன்னதும் கோபமாக வந்தவன் உட்கார்ந்துவிடுவான். ஊர்க்கவுண்டர் "துண்ட எடுப்பா" என்பார். எடுத்த பிறகுதான் விசாரணையே தொடங்கும். உன் தாத்தா ஒரு தடவை கேழ்வரகு மேய்ந்த மாட்டுக்காக இப்படித் துண்டு விரித்தார். விசாரித்துப் பார்த்தால் மேய்ந்தது புகார் கொடுத்தவனுடைய மாடே. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, தாத்தாவும் சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். சண்டை பெரிதாகாமல் இருக்க நம்மவர்கள் கண்டுபிடித்த நல்ல வழிதான் அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழே கோர்ட்டில் துண்டை எடு என்று சொல்ல ஆள் கிடையாது. அங்கே சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

உன் அப்பா ஜெயிலுக்குப் போனது காட்டிலாகாக்காரர்கள் செய்த அநியாயம் என்றுதான் இத்தனை வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். காக்கிச் சட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நானும் அப்படியே நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். அது பொய் சாமி. அவரை அனுப்பியது நான்.

உனக்கு அப்போது ஏழு வயசு. அப்பா மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. நம் வைக்கோல் போருக்குப் பின்னால் நாலு சந்தனக் கட்டைகள் இருந்ததாக யாரோ சொல்லி, மூன்று பேர் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய எவனோ சுமையை ஒளித்துவிட்டுப் போயிருக்க வேண்டும், இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. வந்தவர்கள் ஒன்றும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூட மரியாதையாகத்தான் கேட்டு வாங்கினார். கட்டைகளை வெளியே எடுத்துப் போட்டு, "இது யாருது?" என்றார்கள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று முந்தானையைத் தரையில் விரித்தேன். "எங்க ஊட்டுத் தப்புதானுங்க" என்றேன். "உங்க ஊட்டுக்காரருதான் வெட்டுனதா?" என்று கேட்டார். "ஊட்டுக்குப் பெரியவரு அவருதானுங்களே" என்றேன். எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கத் தோன்றவில்லை. நீட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தேன். பிறகு அவர்கள் முந்தானையை எடு என்று சொல்வார்கள், உட்கார்ந்து பேசலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நீ ஓடிவந்து முந்தானையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாய்.

கோர்ட்டில் உன் அப்பாவை இந்தக் குற்றத்தைச் செய்தாயா என்று கேட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போதும் மஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. மாஜிஸ்ட்ரேட் நல்ல மனுஷன், அவசரப்படாமல் இன்னொரு தடவை கேட்டார். "ஊட்டுல சொன்னது சொன்னதுதானுங்க, ஆமாங்க" என்றார் அப்பா. எட்டு மாசம். வெளியே கொண்டுவந்தபோது, "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன். "நீ சொல்லிப்போட்டயே புள்ளே. நான் மாத்திச் சொன்னா உன்னையப் பொய்க்காரின்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். அந்த இரண்டு நாளும் அவர் சந்தையில் இருந்தார் கண்ணு. மிளகு வாங்கியவர், டீக்கடைக்காரர், கூடத் தூங்கியவர்கள் என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வைக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்று ஒரு சொல் சொல்லலாம், இது எதுவுமே எங்களுக்குத் தெரியாது. தெரியாததை யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது.

அவர் உள்ளே இருந்த அந்த எட்டு மாசத்தில்தான் உன் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் எழுத்துப் படித்தேன். அம்மா விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்து நீ எனக்கு வாத்தியார் வேலை பார்த்தாய், தப்பாக எழுதினால் குட்டு வேறு. இனிமேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எந்தக் காகிதத்திலும் விரல் வைக்கக் கூடாது என்ற ஒரே வெறிதான் எனக்கு. அப்பா திரும்பி வந்தபோது என் பெயரை எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்குது" என்றார். என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். நாலு வருஷம் கழித்துச் சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் என்னை இன்னமும் அரித்துக்கொண்டிருக்கிறது.

உன் வக்கீலை முதல்முதலாகப் பார்க்கப் போனபோது என்ன செய்தேன் தெரியுமா? பழக்க தோஷம், வாசலிலேயே முந்தானையை விரித்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏனுங்கம்மா, அத மட்டும் இந்த வாசப்படிக்கு வெளியவே வெச்சுப்போட்டு உள்ள வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு அவர் நிதானமாகச் சொன்னதை உனக்கு எழுதுகிறேன், நன்றாக மனசில் வாங்கிக்கொள். போலீஸிடம் நீ சுட்டேன் என்று சொன்னதை வைத்துக் கோர்ட்டில் உன்னைக் குற்றவாளி ஆக்க முடியாதாம். மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்வதுதான் நிற்குமாம். அதனால் இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. உனக்கு எதிராக நீயே பேச வேண்டும் என்று உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, பேசாமலும் இருக்கலாம். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படித்துப் பார். புரியாவிட்டால் திரும்பப் படித்துக் காட்டச் சொல். அடித்தார்களா என்று கேட்டால் அடித்திருந்தால் அடித்தார்கள் என்று சொல், வெட்கப்படாதே. அடிக்கவில்லை என்றால் அடிக்கவில்லை என்று சொல், அதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். உன் வக்கீலோடு தனியாகப் பேசவும் உனக்குப் பாத்தியதை உண்டு. இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதில்லை, மலையில் இருக்கிறவனுக்கும் பட்டணத்தில் இருக்கிறவனுக்கும் ஒரே மாதிரிதான் என்று அவர் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை. அப்பாவுக்குப் பிறகு அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவன் நீதான். அதைக் கேட்டால் இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. மலையில் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே என்று நான் மல்லுக்கு நின்றேன். "எல்லார் ஊட்டுலயும் இருந்தா எல்லாருக்கும் தப்புத்தானுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அதற்கு ஏதாவது தண்டனை வரலாம். வந்தால் வாங்கிக்கொள் சாமி. அது உன்னுடையது. சுட்டது உன்னுடையது இல்லை.

அங்கிருந்து வந்த மறுநாள் சடையன் மாமனைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். நீ எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாயே, அவனுக்கு மனசு ஆறியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அவன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பெரியவன் சுடலைன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான். "குண்டு பட்டு உழுந்ததும் பரணு மேல இருந்து ஐயோ மாமான்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது யாரு குரலுன்னு எனக்குத் தெரியாதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அவன் ஏத்துக்கிட்டான், நீங்க பேசாம இருந்துட்டீங்க. என்னைய என்னன்னு நெனச்சீங்க? கால் என்னுது. சுட்டவன் என்னோட மூஞ்சியப் பாத்து, தெரியாமச் சுட்டுப்போட்டேன்னு சொல்ல வேண்டாமா?" நாம் உன்னைப் பற்றியும் உன் தம்பியைப் பற்றியும் நினைத்தோமே தவிர, குண்டு பட்டவனுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. திரும்பி வரும்போது மஞ்சு இறங்கி வழி மூடியிருந்தது. எத்தனையோ வருஷமாக நடந்த பாதை, எங்கே திரும்புவது என்று தெரியாமல் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் உன் அப்பாவை நினைத்தேன். அவருக்காக அன்றைக்கு நான் ஓடிப்போய் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்று, நான் சொன்னது வழக்கத்துக்குச் சொன்னதுங்க, அவர் சந்தையில் இருந்தாருங்க என்று கத்தியிருக்கலாம். என்னை யாரும் தடுக்கவில்லையே. பயந்துகொண்டு சுவரோரம் நின்றேன். எட்டு மாசத்தை விட அந்தச் சுவரோரம் நின்றதுதான் எனக்குப் பெரிய பாவம்.

அன்றைக்கே உன் தம்பியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன். அவன் நீ போனதிலிருந்து ஒழுங்காகத் தின்பதில்லை. ராகிக் களியை உருட்டி உருட்டி வைத்துவிட்டு எழுந்துபோய்விடுகிறான். சாமைக் காட்டுப் பக்கம் காலே வைப்பதில்லை. பன்றிகளுக்கு இந்த வருஷம் நல்ல விருந்து. "அண்ணன் பாத்துக்குவான்னு நெனச்சேன்மா" என்றான். "அண்ணனுக்கு யாருடா பாக்கறது?" என்று கேட்டேன். மற்றபடி நான் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. சடையன் மாமன் சொன்னதை மட்டும் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். வெகு நேரம் கழித்து வந்து, "நான் மாமங்கிட்டப் போயிட்டு வாரேன்" என்றான். போனான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வந்ததும் அண்ணியிடம் சோறு கேட்டு வாங்கித் தின்றான். பிறகுதான் என்னிடம், "வெள்ளிக்கெழம நானும் வாரேன்மா" என்றான். வக்கீலிடம் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன். அவனுக்கும் தனியாக ஒரு வக்கீல் வேண்டும், உன் வக்கீல் இரண்டு பேருக்கும் பேச முடியாது, அவனும் தன் வக்கீலைக் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று பதில் வந்திருக்கிறது. பன்றி என்று நினைத்துத் தவறிச் சுட்டதற்கும் வேண்டுமென்றே சுட்டதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறதாம். அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியவன் சுட்டவன்தான். நீ அவனுக்குப் பதிலாக நின்றால் அதைக்கூட உன்னால் சரியாகச் சொல்ல முடியாது. எந்தப் புதர், எந்தப் பக்கம் அசைந்தது என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? அவரைக்காய்க் குழம்பைப் பற்றித்தான் உனக்குத் தெரியும்.

உனக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். தம்பியைக் காப்பாற்ற நான் உள்ளே வந்தேன், நீயே அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறாயா என்பாய். நீ நல்லவன், ரொம்ப நல்லவன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் நீ ஏற்றுக்கொண்டதால் அவன் தப்பிக்கவில்லை கண்ணு. கம்பி இல்லாத இடத்தில் அடைபட்டுக் கிடந்தான். இத்தனை நாளில் நேற்றுத்தான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அதனால் வெள்ளிக்கிழமை நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிமிர்ந்து நில். கேட்டதைக் காது கொடுத்துக் கேள். துண்டைத் தோளிலேயே வைத்துக்கொள், கீழே விரிக்காதே. நான் சுடவில்லைங்க, துப்பாக்கி எங்களுடையதுதானுங்க என்று மட்டும் சொல். பொய் சொல்லாமல் இருப்பது உன் பொறுப்பு, அன்பினால் சொல்கிற பொய்யும் அதில் சேர்ந்ததுதான்.

மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி அன்றைக்குத் தாய் வீட்டில் இருந்தாள், அதனால் சுட்ட சத்தம் கேட்டபோது நீ என் எதிரில் இருந்தாய் என்று சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் சாட்சி. வழக்கு நடக்கும்போது என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஒருவேளை அந்த நேரத்தில் உன் தம்பிக்குத் தைரியம் போய், நாக்கு ஒட்டிக்கொண்டு, பேசாமல் நின்றுவிடலாம். சின்னப்பிள்ளைதானே. அப்போது, வீட்டுக்குள்ளே ஓடிவந்தவனைப் பார்த்தாயா, கையில் துப்பாக்கி வைத்திருந்தவன் யார் என்று என்னைக் கேட்பார்கள். நான் பெற்றவன்தானுங்க என்பேன். எந்த மகன், காட்டு என்பார்கள். காட்டுவேன். நான் அழுவேன், பார்க்க உனக்குப் பொறுக்காது. நீ குறுக்கே பேசாதே.